28 நாள் ரிக், 28 நாள் வீடு: தாய்லாந்து விசா நீட்டிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்தைத் தாய்லாந்தில் வைத்துவிட்டு வேறு நாட்டுக் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் (ரிக்கில்) 28 நாள் வேலை, 28 நாள் வீடு என்று ரொட்டேஷன் வேலை பார்க்கிறவர்கள் பலரும் விசா காலாவதித் தேதியை மட்டும்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். முதல் தவறே அதுதான். நீட்டிப்பு விண்ணப்பத்தைக் குடிவரவு அலுவலகத்தில் வழக்கமாக அந்தத் தேதிக்கு 30 நாள் முன்பிருந்துதான் வாங்குவார்கள், அதுவும் நேரில் போக வேண்டும். ஜூன் 30-இல் முடிகிறது, நீங்கள் மே 25 முதல் ஜூன் 21 வரை வீட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மே 31-க்கு முன்னால் போனால் திருப்பி அனுப்பிவிடலாம், ஜூன் 22-இல் நீங்கள் ரிக்கில். கையில் இருப்பது மூன்று வாரம்தான், அதிலும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கழியும். கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒரே ஒரு தாள் குறைந்தாலும் மறுபடி போக நாள் இருக்காது. நாட்டுக்கு வெளியே இருக்கும்போது தேதி கடந்துவிட்டால் அபராதம் இல்லை, ஆனால் நீட்டிப்பு செத்துவிட்டது, தூதரகத்தில் புது விசாவிலிருந்து தொடங்க வேண்டும்.

தாய்லாந்துக்காரரை மணந்து, அந்தத் திருமண அடிப்படையில் நீட்டிக்கிறவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். விண்ணப்பித்த அன்றே வருடத்துக்கான முத்திரை விழாது, 'பரிசீலனையில்' என்று சுமார் 30 நாளுக்கு ஒரு முத்திரை போட்டு, மறுபடி வரச் சொல்வார்கள். ஜூன் 1-இல் கொடுத்தால் அழைக்கும் நாள் ஜூலை 1 வாக்கில் வரும், அன்று நீங்கள் கடலில். அதனால் உங்களுக்கு மாற்றாக ரிக்குக்கு வரும் ரிலீவரிடம் ஒரு வாரம் மாற்றிக்கொள்ளும் பேச்சை இரண்டு சுற்று முன்னாலேயே தொடங்குங்கள். கவுன்டரில் கொடுக்கும்போதே உங்கள் பயணத் தேதியையும் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

ஆனால் என் கணக்கில் மிகப் பெரிய தவறு நடப்பது ரீ-என்ட்ரி பர்மிட்டில், அதாவது நீட்டிப்பை இழக்காமல் வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதியில். அது இல்லாமல் வெளியே போனால் அந்த நிமிடமே நீட்டிப்பு ரத்து. இது பலருக்குத் தெரியும், அப்படியும் மாட்டுகிறார்கள், ஏனென்றால் பழைய பர்மிட் பழைய நீட்டிப்போடு சேர்ந்தே காலாவதியாகிவிடும். புது முத்திரை கிடைத்த சந்தோஷத்தில், பாஸ்போர்ட்டில்தான் பர்மிட் இருக்கிறதே என்று விமானம் ஏறி, அடுத்த முறை இறங்கும்போது ஒரு வருட உழைப்பை இழந்து நிற்பவரைப் பார்க்க மனசு கனத்துப்போகும். நீட்டிப்பு கிடைத்த அன்றே, அதே அலுவலகத்தில் டிஎம் 8 படிவத்தைக் கொடுத்து வாங்கிவிடுங்கள். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். வருடத்துக்கு ஆறேழு தடவை பறக்கிறவருக்கு எது லாபம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

90 நாள் அறிக்கையைப் பற்றி, அதாவது தொடர்ந்து 90 நாள் தங்கினால் குடிவரவு அலுவலகத்துக்கு முகவரி தெரிவிப்பதைப் பற்றி, வீணாகக் கவலைப்படாதீர்கள். நாட்டை விட்டு வெளியேறித் திரும்பினால் அந்தக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும், 28 நாள் சுற்றில் அது நிறையவே நிறையாது. சிலர் அதையும் நீட்டிப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு வேறு.

அப்புறம் பணம். வங்கி இருப்பைக் காட்டி நீட்டிப்பதென்றால், திருமண அடிப்படைக்கு 4 லட்சம் பாட், ஓய்வு அடிப்படைக்கு 8 லட்சம் பாட், தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இருக்க வேண்டும். இரண்டு மாதம் என்றால் ஒரு முழு ரிக் சுற்று அதற்குள் வந்துவிடும், நீங்கள் கடலில் இருக்கும்போது வீட்டுச் செலவுக்கு அதே கணக்கிலிருந்து எடுத்தால் இருப்பு ஒரு நாள் குறைந்தாலும் வம்பு. அந்தக் கணக்கைத் தனியாக வைத்து, அதன் கார்டை வீட்டில் கொடுக்காமல் இருப்பதே நல்லது. பாஸ்போர்ட் ஏழு மாதத்தில் முடிகிறது என்றால் நீட்டிப்பும் ஏழு மாதம்தான் கிடைக்கும், ஆகவே முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் விமான நிலையக் கவுன்டரிலேயே முத்திரையைப் பாருங்கள். அதில் இருக்க வேண்டியது உங்கள் நீட்டிப்பு முடியும் தேதி. பர்மிட்டைக் கவனிக்காமல் சுற்றுலாப் பயணிக்குப் போடும் தேதியைப் போட்டிருந்தால், பெட்டி எடுக்கப் போவதற்கு முன் அங்கேயே பர்மிட் பக்கத்தைத் திறந்து காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.