வீடியோ டோர்போன் பொருத்தும்போது கேட்டடியிலும் வயரிலும் விடும் தவறுகள்

கேட்டடியில் கமராவும் மைக்கும் பெல் பட்டனும் உள்ள பெட்டி, வீட்டுக்குள் அதன் படத்தைக் காட்டும் மொனிட்டர், இரண்டும் சேர்ந்ததுதான் வீடியோ டோர்போன் செட். படம் வரவில்லை என்றதும் ஹோலில் தொங்கும் மொனிட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போவதுதான் வழக்கம். கடை மேசையில் ஒரு முழ வயரைக் கொடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினால் மறுபடியும் அதே கோளாறு. மொனிட்டரில் பழுது இல்லை. கேட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் கிடக்கும் வயரிலோ, கேட்டடியில் உப்புக்காற்றில் நிற்கும் பெட்டியிலோதான் பெரும்பாலும் பழுது இருக்கும். நல்ல செட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வயரில் மிச்சம் பிடிப்பது முதல் தவறு.

வயர்

நான்கு வயர் செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் மின்சாரத்துக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. பெட்டியோடு வரும் மெல்லிய வயர் சோதித்துப் பார்க்கத்தான் போதும். கேட் 30 மீட்டர் தள்ளி இருக்கும் வளவில் அப்படியான வயரை இழுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள நல்ல செம்புக் கம்பி, போகவும் வரவும் 60 மீட்டருக்கு ஏறத்தாழ 5 ஓம் தடை தரும். கேட்டுப் பெட்டி பகலில் 150 மில்லிஅம்பியர் இழுத்தால் முக்கால் வோல்ட் குறையும். அது வெளியே தெரியாது. இரவில் அகச்சிவப்பு எல்.ஈ.டி.கள் எரிந்து 350 மில்லிஅம்பியர் இழுக்கும்போது 1.75 வோல்ட் வழியிலேயே போய், பெட்டிக்கு 10.25 வோல்ட்தான் கிடைக்கும். பகலில் தெளிவான படம், பொழுதுபட்டதும் ஆடுகிற படம் என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். கமராவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

செம்பு பூசிய அலுமினியக் கம்பி இந்தக் கணக்கை இன்னும் கெடுக்கும். தடை ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும், கடற்கரைக் காற்றில் இணைப்புகள் வெள்ளைத் தூளாகப் பூக்கும், இரண்டு தரம் வளைத்தால் முறியும். வாங்கும்போது கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம். விலை வித்தியாசத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். மண்ணுக்குள் ஒருமுறை புதைத்ததைத் திரும்பத் தோண்டுகிற கூலி அதைவிட அதிகம்.

நமது வீடுகளுக்கு எளிதான வழி, வெளிப்புறப் பாவனைக்கான, முழுச் செம்பு நெட்வேர்க் கேபிள். அதில் எட்டுக் கம்பி, நான்கு சோடி. இங்கேயும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது: எட்டில் ஏதோ நான்கை எடுத்து இணைத்துவிட்டு மற்ற நான்கைச் சுருட்டி விடுவது. படமும் ஒலியும் ஒரே சோடிக்குள் முறுகிக் கிடந்தால் ஸ்பீக்கரில் 'ங்ங்' என்ற இரைச்சல் விடாது. செம்மஞ்சள் சோடியில் படமும் கிரவுண்டும், பச்சைச் சோடியில் ஒலியும் கிரவுண்டும், நீலச் சோடியின் இரண்டு கம்பியும் 12 வோல்ட்டுக்கு, கபிலச் சோடியின் இரண்டும் கிரவுண்டுக்கு என்று பிரியுங்கள். மின்சாரம் இரண்டு கம்பியில் போய் நான்கு கம்பியில் திரும்புவதால், மேலே சொன்ன 5 ஓம் 2 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். 50 மீட்டரைத் தாண்டும் வளவென்றால் படத்துக்கு 75 ஓம் கோஎக்சியல் கேபிளும், மின்சாரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயரும் தனித்தனியாக இழுப்பது நல்லது.

நிறத்தை நம்பி இணைப்பதும் ஆபத்து. சில செட்டுகளில் சிவப்புக் கம்பி ஒலிக்கும் மஞ்சள் கம்பி 12 வோல்ட்டுக்கும் இருக்கும். சிவப்பைக் கண்டதும் பிளஸ் என்று மின்சாரம் கொடுத்தால் கேட்டுப் பெட்டியின் ஒலிப்பகுதி எரிந்துபோகலாம். மொனிட்டரின் பின்னால் டெர்மினல் எண்களோடு ஒரு படம் ஒட்டியிருக்கும். அதைத் தொலைபேசியில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வேலை தொடங்குங்கள். மொனிட்டரைச் சுவரில் பூட்டிய பிறகு அந்தப் படம் கண்ணுக்குத் தெரியாது.

கேட் லைட்டுக்கான 230 வோல்ட் வயர் போகும் குழாய்க்குள்ளேயே டோர்போன் வயரையும் தள்ளிவிடுவது இன்னொரு பழக்கம். படத்தில் மேலும் கீழும் உருளும் பட்டைகளுக்கு அதுவே காரணம். அதைவிட முக்கியம், எலி கடித்து உறை போனால் 230 வோல்ட் வெளியே உள்ள பெல் பட்டனுக்கு வந்து சேரும். பட்டனைத் தொடுவது பிள்ளைகளும்தான். தனிக் குழாய், 30 சென்டிமீட்டர் இடைவெளி, குறுக்கே கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடப்பது என்ற மூன்றிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கார்த்திகை, மார்கழியில் வளவு முழுக்கத் தண்ணீர் நிற்கும் கிழக்கிலங்கைக் கரையோரம் இது. நிலத்துக்குள் போகும் குழாயில் தண்ணீர் கட்டாயம் ஏறும் என்று நினைத்தே வேலை செய்ய வேண்டும். நிலத்துக்குள் எந்த இடத்திலும் இணைப்பு வைக்காதீர்கள். வயர் 3 மீட்டர் குறைந்தால் புது வயர் வாங்குங்கள். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு முதல் மாரியைத் தாண்டினாலும் இரண்டாவதைத் தாண்டாது. ஆழம் 45 சென்டிமீட்டராவது இருந்தால் மண்வெட்டிக்குத் தப்பும்.

கேட்டடி

கமராவின் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கள்ளனின் கைக்கு எட்டக்கூடாது என்று 2 மீட்டரில் வைத்தால் தலைமுடிதான் தெரியும், பேசுகிறவரின் குரலும் மைக்கில் சரியாக விழாது.

கல்லடியிலிருந்து காத்தான்குடி வரையும், அங்கால் மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வரையும் கடல் கிழக்கே. கேட் கடலைப் பார்த்து நின்றால் கமராவும் காலை வெயிலை நேரே பார்க்கும். வந்து நிற்பவரின் முகம் கரிக்கட்டியாகத் தெரிவதைக் கமராவின் குறை என்று நினைக்கிறார்கள். தூணின் முகப்பில் வைக்காமல் பக்கவாட்டில் வைத்து, 15 முதல் 30 பாகை வரை திருப்பும் சரிவுத் தகட்டைப் பின்னால் கொடுத்தால் பெரும்பகுதி தீரும். திருப்பும்போது எதிர்வீட்டு வாசலும் முற்றமும் படத்தில் விழுகிறதா என்று பாருங்கள். குறுகிய ஒழுங்கைகளில் இது வீண் மனத்தாங்கலைக் கொண்டுவரும். வயரை இறுக்குவதற்கு முன்பே மொனிட்டரைப் பார்த்து ஒதுக்கிவிடலாம்.

மழைமூடி கட்டாயம். ஆனால் அதன் விளிம்பு கமராவின் பார்வைக்குள் வந்தால் இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த தூணுக்கு மிக ஒட்டி வைத்தாலும் இதுவே. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் சிலந்தி வலையையும் உப்புப் படிவையும் துடைத்தாலே பல 'மங்கல்' முறைப்பாடுகள் போய்விடும்.

உப்பும் எறும்பும்தான் கேட்டுப் பெட்டியைக் கொல்பவை. பெட்டிக்குள் எப்போதும் இலேசான சூடு இருக்கும், எறும்பு அதைத் தேடி வரும். வயர் நுழையும் துளையையும், பெட்டிக்கும் சுவருக்கும் இடையே மேல்விளிம்பையும் இரு பக்கங்களையும் சிலிக்கனால் அடையுங்கள். கீழ்விளிம்பை மட்டும் அடைக்காதீர்கள். உள்ளே வியர்க்கும் நீர் வெளியேற அதுதான் வழி. நாலு பக்கமும் அடைத்த பெட்டி உள்ளுக்குள்ளேயே நனைந்து அழுகும். வயர் மேலிருந்து வந்தால் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு இறக்கி மறுபடி மேலேற்றி நுழையுங்கள், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். இணைப்புகளுக்குப் பசை நிரப்பிய கனெக்டர். திருகாணிகள் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஏனென்றால் சாதாரண 304 கடற்கரையில் கறை பிடிக்கும். வாங்கும் பெட்டி ஐ.பி. 65 (தூசும் பீச்சும் நீரும் உட்புகாத தரம்) என்று குறித்ததாக இருக்கட்டும்.

பூட்டு

மின்பூட்டைக் கேட்டுப் பெட்டிக்குப் போகும் அதே 12 வோல்ட்டில் தொங்கவிடுவது பெருந்தவறு. பூட்டு திறக்கும் கணத்தில் 1 அம்பியரோ அதற்கு மேலோ இழுக்கும். அந்த மெல்லிய வயரில் 5 வோல்ட் அப்படியே விழுந்து, பூட்டும் திறக்காது, படமும் அணைந்து மறுபடி தொடங்கும். பூட்டுக்கு 12 வோல்ட், 3 அம்பியர் தனிப் பவர் சப்ளையும் 1 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத வயரும் வேண்டும். செட்டின் ரிலே அதைத் திறந்து மூடும் சுவிட்ச் மட்டுமே.

நேர்மின்னோட்டப் பூட்டின் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோட் ஒன்றைப் போடுங்கள். வெள்ளைக் கோடு உள்ள முனை பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பவர் சப்ளை குறுக்குச் சுற்றாகிவிடும். சில ரூபாய்ப் பொருள் இது. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் சுருள் திருப்பி அடிக்கும் உயர் வோல்ட் ரிலேயின் முனைகளைத் தீய்த்துவிடும். மாறுமின்னோட்டப் பூட்டுக்கு டயோட் போடக்கூடாது.

பாதுகாப்பில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. பல செட்டுகளில் பூட்டு ரிலே வெளியே உள்ள பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நாலு திருகாணியைக் கழற்றி, பின்னால் உள்ள இரண்டு பூட்டு வயரையும் ஒன்றோடொன்று தொட்டாலே கேட் திறந்துவிடும். மொனிட்டரிலும் பூட்டு முனைகள் இருந்தால் அங்கிருந்தே எடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் வைக்கும், குறியீட்டுத் தகவலால் மட்டுமே திறக்கும் பாதுகாப்பு ரிலே ஒன்றை, செட்டின் தயாரிப்பாளர் தருவார்களானால், சேர்த்து வாங்குங்கள். சாதாரண ரிலேயை உள்ளே வைத்து வெளிப்பெட்டியின் முனைகளால் அதை இயக்கினால் பயன் இல்லை, அதே இரண்டு வயரைத் தொட்டே திறக்கலாம்.

காந்தப் பூட்டு கரண்ட் நின்றால் திறந்துவிடும். கேட்டுக்கு அதை வைத்தால் 12 வோல்ட் 7 அம்பியர்மணி பட்டரியும் சேர்த்து வையுங்கள். அரை அம்பியர் இழுக்கும் பூட்டை அது பத்து மணி நேரமளவு பிடிக்கும். சாவியாலும் திறக்கும், கரண்ட் இல்லாவிட்டால் மூடியபடியே இருக்கும் பூட்டு வீதிக் கேட்டுக்கு அதைவிடப் பொருத்தம். எதுவானாலும் உள்ளிருந்து கையால் திறக்கும் வழி இருக்க வேண்டும். நெருப்புப் பிடித்த நேரத்தில் எவரும் பட்டரியைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது.

திறக்கும் நேரத்தைப் பத்து வினாடிக்கு வைத்துச் சுருளை எரிப்பவர்களும் உண்டு. ஒரு தட்டலில் திறக்கும் பூட்டுக்கு 1 அல்லது 2 வினாடி போதும். பூட்டு 'டிக்' என்கிறது, கேட் திறக்கவில்லை என்றால் கரண்டைக் குறை சொல்லுமுன் கேட்டைக் கையால் இலேசாக உள்ளே அழுத்தியபடி பட்டனை அமர்த்துங்கள். திறந்தால் குறை பிணைச்சலில். கேட் தொய்ந்து நாக்கை நெரிக்கிறது.

இடியும் இணையமும்

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி கூடும் நாட்களில் பிளக்கைக் கழற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. நிலத்தில் கிடக்கும் 30 மீட்டர் கேட் வயர், மின்னலின் அதிர்ச்சியை வேறு வழியாக மொனிட்டருக்குக் கொண்டுவரும். மொனிட்டரடியில் அந்த வயருக்கு இழுத்துக் கழற்றக்கூடிய கனெக்டர் ஒன்றை வைத்தால் இரண்டையும் கழற்றிவிடலாம். மின்னெழுச்சி அடக்கி போடுவதென்றால் வீட்டு முனையில், வீட்டு ஏர்த்தோடு, குட்டையான வயரில். ஏர்த் இல்லாமல் அது வெறும் பெட்டி. கச்சான் காற்று அடித்து மணல் காயும் மாதங்களில் ஆழமில்லாத ஏர்த் கம்பி பயன் தராது, ஈரமண் வரை இறங்கியிருக்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்து வேலையைத் தகுதி பெற்ற மின்வேலைக்காரரிடமே விடுங்கள்.

வைஃபை செட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ் மட்டும் பிடிப்பவை. தொலைபேசியை 5 கிகாஹேட்ஸில் வைத்துக்கொண்டு சேர்க்க முயன்று தோற்பது அடிக்கடி நடப்பது. இரும்புக் கேட்டுக்கும் இரண்டு சுவருக்கும் அப்பால் சிக்னல் பலமாக இருக்காது, முடிந்தால் கேபிள்தான். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

பழுது பார்க்கும் ஒழுங்கு

கேட்டுப் பெட்டியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, ஒரு மீட்டர் வயரில் மொனிட்டரோடு இணையுங்கள். நன்றாக வேலை செய்தால் பழுது நீள வயரில். செய்யாவிட்டால் செட்டில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள்.

பழுது வயரில் என்று தெரிந்தால், இரு முனையிலும் எல்லா இணைப்பையும் கழற்றி, கேட் முனையில் இரண்டு கம்பியை முறுக்கி, வீட்டு முனையில் மல்டிமீட்டரால் ஓம் பாருங்கள். 0.5 மில்லிமீட்டர் செம்பு, 30 மீட்டரென்றால் 5 ஓம் வர வேண்டும். 8 என்றால் அது அலுமினியம், அல்லது எங்கோ இணைப்பு அழுகியிருக்கிறது. வாசிப்பே இல்லையென்றால் அறுந்திருக்கிறது. முறுக்கைப் பிரித்த பிறகும் ஓம் காட்டினால் உள்ளே தண்ணீர்.

வோல்ட்டைப் பெட்டி இயங்கும்போதே, கேட் முனையில், இருட்டிய பிறகு அளவுங்கள். பெட்டியைக் கழற்றிவிட்டு அளந்தால் கெட்ட வயரும் 12 வோல்ட் காட்டும். குரல் உண்டு, படம் இல்லை என்றால் படக் கம்பியை மட்டும் பாருங்கள். பட்டன் அடித்தும் மணி கேட்கவில்லை, ஆனால் மொனிட்டரிலிருந்து அழைத்தால் படம் வருகிறது என்றால் பட்டனின் முனைகளில் உப்பு. 'ஊ' என்று ஊளையிட்டால் ஒலியளவைக் குறையுங்கள், பெட்டிக்குள் மைக்கைச் சுற்றியுள்ள இறப்பர் வளையம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்யக் கழற்றியவர்கள் அதைத் திருப்பிப் போட மறப்பதுண்டு.