வீட்டுக் குழந்தைக் காப்பகத்திற்கு உயர நாற்காலி வாங்கும்போது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள், உயர நாற்காலி (சிறு குழந்தையை அமர்த்திச் சோறூட்டும், முன்னால் தட்டுள்ள நாற்காலி) வாங்கப் புறப்படும் முன், ஒரே வேளையில் அமர்ந்து உண்ணப்போகும் சிறு குழந்தைகள் எத்தனை பேர் என்று கணக்கிட வேண்டும். சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் மொத்த எண்ணிக்கை இதற்கு உதவாது. (ஆறு பிள்ளைகளுக்கு மேல் பராமரித்தால், 2005ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி காப்பகத்தைப் பதிவு செய்வது தனிக் கடமை.) ஏறத்தாழ 6 மாதத்தில், பிடிமானமின்றி உட்காரும் குழந்தைக்கே இந்நாற்காலி ஏற்றது.

விலையைவிட முதலில் பார்க்க வேண்டியவை அகன்ற கால்களும், தோள், இடுப்பு, தொடையிடை ஆகிய மூன்றையும் பிணைக்கும் வார்ப்பட்டையும்தான். பழைய நாற்காலி மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, கொக்கியைப் பலமுறை பூட்டித் திறந்து, தட்டின் அடியில் விரிசல் உண்டா என்று தடவிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

மெத்தை தைத்த அழகான இருக்கைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பருப்புச் சாதம் தையல் இடுக்கில் புகுந்துவிட்டால் துடைத்து எடுப்பது கடினம். டர்பனின் கடலோர ஈரப்பதத்தில் துணி எளிதில் பூசணம் பிடிக்கும். இடுக்கில்லாத, தட்டைக் கழற்றிக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் நாற்காலியே போதும். வெள்ளைத் தட்டில் படிந்த மஞ்சள்தூள் கறை வெயிலில் வைத்தால் பெரும்பாலும் மங்கிவிடும்.

ஒரு வயதைக் கடந்து நன்றாக உட்காரும் பிள்ளைக்கு, சாப்பாட்டு நாற்காலியில் வாரால் கட்டும் சிற்றிருக்கை செலவைக் குறைக்கும். எதை வாங்கினாலும், குழந்தை காலால் உதைத்துப் பின்னுக்குச் சாயாதபடி மேசையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளியே வைக்க வேண்டும்.