மணல் தரையில் டைவ் செய்யும்போது காலைக் கவனியுங்கள்

பலாவ் மாதிரி பசிபிக் தீவுகளுக்கு ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் பவளப்பாறையை ரசித்துவிட்டு, பக்கத்திலுள்ள மணல் தரையை வெறுமை என்று கடந்துவிடுகிறார்கள். வேடிக்கையே அங்கேதான்.

மணலுக்கு மேலே காலை மேலும் கீழுமாக உதைத்தால் புழுதி கிளம்பி ஒன்றும் தெரியாது. முழங்காலை மடக்கி, தவளை நீந்துவதுபோல் பக்கவாட்டில் தள்ளுங்கள். தொங்கும் குழாய்களையும் முன்பே செருகிக்கொள்ளுங்கள்.

சின்னக் குழி வாசலில் கோபி என்ற சிறு மீன் நின்றால் அங்கேயே நில்லுங்கள். அதே குழியில் அதனுடன் சேர்ந்து வாழும் இறால் உள்ளே மண் வாரிக்கொண்டிருக்கும், அதற்குக் கண் சரியாகத் தெரியாது. வெளியே வரும்போது மீசையை மீனின் மேலேயே வைத்திருக்கும். மீன் வாலைச் சிலுப்பினால் அது 'ஆள் வருது' என்ற எச்சரிக்கை, இறால் உள்ளே போய்விடும். இன்னும் நெருங்கினால் மீனும் மறைந்துவிடும். குமிழிச் சத்தத்துக்குப் பயந்து மூச்சை மட்டும் அடக்காதீர்கள், நுரையீரலுக்கு ஆபத்து. மெதுவாக விட்டாலே போதும்.

அப்புறம், சன்ஸ்கிரீன் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் கலந்தவை பவளப்பாறைக்குக் கேடு என்று பலாவில் 2020 முதல் தடை.