நார்மன் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி? 'பெர்சி'யை வைத்து ஒரு செய்முறை

1066இல் வட பிரான்சில் உள்ள நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அவரோடும் அவருக்குப் பின்னாலும் கடல் தாண்டி வந்தவர்களின் பெயர்கள் அங்கேயே தங்கிவிட்டன. புரூஸ், மாண்ட்கோமரி, சின்க்ளேர் எல்லாம் இந்த ரகம்தான். இப்படி ஒரு பெயரைத் தோண்டிப் பார்க்க 'பெர்சி'யை எடுத்துக்கொள்வோம். ஆவணங்கள் ஏராளமாகக் கிடைப்பதால் கை பழக இது வசதி.

படி 1: பழைய எழுத்துக்கூட்டலைத் தேடுங்கள்

இன்றைய வடிவத்தை மட்டும் தேடினால் பாதி விவரம் தப்பிவிடும். பெர்சிக்குப் பழைய வடிவம் 'டி பெர்சி'. அந்த 'டி' முக்கியம். பெயருக்கு முன்னால் 'டி' இருந்தால் பெரும்பாலும் அடுத்து வருவது ஊர்ப்பெயர். 'ஃபிட்ஸ்' இருந்தால் இன்னாருடைய மகன். 'லெ' இருந்தால் பட்டப்பெயராகவோ தொழிற்பெயராகவோ இருக்கும்.

படி 2: ஊரைப் பிடியுங்கள்

நார்மண்டி வரைபடத்தைத் திறந்தால் மான்ஷ் பகுதியில் ஒரு பெர்சி, கால்வடோஸ் பகுதியில் இன்னொரு பெர்சி. ஒவ்வொரு நூலும் ஒவ்வோர் ஊரைக் கைகாட்டும். இரண்டையும் குறித்துக்கொண்டு மேலே போங்கள். இங்கேயே நின்றால் வேலை நகராது.

படி 3: டூம்ஸ்டே புத்தகத்தில் பாருங்கள்

யாரிடம் எவ்வளவு நிலம் என்று 1086இல் எடுத்த கணக்கு இது. இணையத்தில் 'ஓப்பன் டூம்ஸ்டே' தளத்தில் இலவசமாகவே பெயர் போட்டுத் தேடலாம். வில்லியம் டி பெர்சிக்கு யார்க்‌ஷயரிலும் லிங்கன்‌ஷயரிலும் நிலங்கள் இருந்தது தெரியவரும். ஏதாவது ஒரு கிராமத்தின் பதிவைத் திறந்து நிதானமாகப் படியுங்கள்: முன்பு யார் கையில் இருந்தது, எத்தனை ஏர், புல்வெளி உண்டா, 1066இல் மதிப்பு என்ன, 1086இல் மதிப்பு என்ன. யார்க்‌ஷயர் பதிவுகளில் 'பாழ்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். 1069-70 குளிர்காலத்தில் வில்லியம் அரசர் வட நாட்டை எரித்துச் சூறையாடியதை அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். புதிதாக வந்த பிரபுக்கள் கைக்கு எப்படிப்பட்ட நிலம் வந்தது என்று அப்போதுதான் புரியும்.

இந்த வில்லியம் டி பெர்சி மீசைக்காரர். பழைய பிரெஞ்சில் அவருக்கு வைத்த மீசைப் பட்டம்தான் பிற்காலத்தில் 'ஆல்ஜர்னன்' என்ற ஆங்கிலப் பெயரானது.

படி 4: பெண் வழியைக் கட்டாயம் பாருங்கள்

புதிதாகத் தேடுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். பெயர் தொடர்ந்தால் ஆண் வாரிசும் தொடர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பெர்சி குடும்பத்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே ஆண் வாரிசு இல்லாமல் போய்விட்டது. மகள் ஆக்னஸ், லூவெயின் நாட்டு ஜோசலினை மணந்தார். பிள்ளைகள் தாயின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். 1309இல் ஆல்ன்விக் கோட்டையை வாங்கியதும், 1377இல் நார்தம்பர்லாந்து ஏர்ல் பட்டம் பெற்றதும், 1403இல் ஷ்ரூஸ்பரி போரில் மாண்ட 'ஹாட்ஸ்பர்' ஹென்றியும் இந்தப் பெண் வழியில் வந்தவை, வந்தவர்கள்.

1670இல் ஆண் வழி மறுபடியும் அறுந்தது. சொத்து சுற்றிச் சுற்றிக் கடைசி ஏர்லின் பேரனுடைய மகளிடம் வந்து சேர, அவர் கணவர் ஹியூ ஸ்மித்சன் 1750இல் பெர்சி என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1766இல் டியூக் ஆனார். அவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஜேம்ஸுக்குப் பெர்சி என்ற பெயர் கிடைக்கவில்லை. அப்பா உதறிவிட்ட 'ஸ்மித்சன்' என்ற பெயரைத்தான் பிற்பாடு அவர் எடுத்துக்கொண்டார். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் என்ற அருங்காட்சியக, ஆய்வு நிறுவனம் அவர் விட்டுச்சென்ற பணத்தில் உருவானது.

படி 5: இன்றைய குடும்பம் என்றால் கீழிருந்து ஏறுங்கள்

பெர்சி என்று பெயர் இருப்பவரெல்லாம் கோட்டை வீட்டுப் பிள்ளை அல்ல. அதே ஊரிலிருந்து வந்த வேறு குடும்பமாகவும் இருக்கலாம். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837இல் தொடங்குகிறது. தேவாலயப் பதிவேடுகள் 1538இல். ஒவ்வொரு தலைமுறையாக உறுதி செய்துகொண்டே பின்னால் போங்கள். 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கடைகளில் விற்கும் கேடயப் படத்தை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். அங்கே சின்னம் வழங்கப்படுவது தனி நபருக்கும் அவர் சந்ததிக்கும்தான், பெயருக்கு அல்ல.

1538க்கும் முன்னால் போக வேண்டுமா? உயில்களும் நிலக்கிழார்களின் நீதிமன்றச் சுருள்களும்தான் துணை. பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் தொடக்க நிலை லத்தீன் பாடமும், பழைய கையெழுத்தைப் படிக்கும் பயிற்சியும் இலவசமாக இருக்கின்றன. முதலில் கையெழுத்துப் பயிற்சியைச் செய்யுங்கள், அப்புறம் லத்தீன்.