பிள்ளைக்கு ஸ்கேன்: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

மகளுக்கு நான்கு வயதில் முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதாவது பெரிய காந்தத்தின் உதவியால் உடலுக்குள் படம் எடுப்பது. இதுவரை ஐந்து முறை எடுத்தாகிவிட்டது. பினாங்கில் எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் இங்குள்ள மலைக்கோயிலான தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுத்தான் தொடங்கும். அந்த நம்பிக்கைதான் எங்களைத் தாங்கியது. ஆனால் அதன் பேரிலேயே நாங்கள் செய்த சில தவறுகள் பிள்ளையை வருத்தின. தேதி வாங்கிவிட்டுக் கலங்கி நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதல் தவறு பொய். "ஒன்னுமில்லடா, போட்டோ எடுக்கப் போறோம், ஊசியெல்லாம் கிடையாது" என்று காரிலேயே சொல்லிவிட்டேன். சற்று நேரத்தில் தாதி ஊசியோடு வந்தார். "இல்லேன்னு சொன்னியேம்மா" என்று மகள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதன்பின் பல மாதம், மருத்துவமனையில் நான் எதைச் சொன்னாலும் அவள் நம்பவில்லை. இப்போது முந்தின நாளே சொல்லிவிடுகிறேன்: "ஒரு ஊசி இருக்கு. கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும். நீ அழலாம், அம்மா கையப் பிடிச்சுக்கிறேன்." சின்னப் பிள்ளைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு சொன்னால் போதும், ஒரு வாரம் முன்பே சொன்னால் அதையே நினைத்துக்கொண்டிருக்கும். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும் என்பதால், போனவுடன் தாதியிடம் கேளுங்கள்.

அடுத்தது பிரசாதம். இரண்டாவது ஸ்கேன் அன்று காலை, பாட்டி ஆசையாக ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டிவிட்டார். ஸ்கேன் தள்ளிப்போனது. பாட்டியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 'புவாசா' (மலாயில், சாப்பிடாமல் இருப்பது) என்று மருத்துவமனைத் தாளில் இருந்ததை அவருக்கு விளக்காதது என் பிழை. பிள்ளை அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுத்தால் இருமல், விழுங்கல் போன்ற தற்காப்பெல்லாம் அடங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாகத் திட உணவுக்கும் மாவுப் பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம் இடைவெளி கேட்பார்கள். மைலோவும் பால் கணக்குதான், தண்ணீர் கணக்கில்லை. உங்கள் மருத்துவமனை தரும் தாளில் உள்ள நேரமே கடைசி வார்த்தை. பிரசாதத்தை டப்பாவில் எடுத்துப் போங்கள். பிள்ளை விழித்து, தாதி சரி என்ற பிறகு, அதைவிட இனிப்பான பிரசாதம் இல்லை.

தாயத்து, அரைஞாண், கொலுசு, தோடு பற்றியும் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. காந்தம் படம் எடுக்கும்போது மட்டுமல்ல, எப்போதுமே இயங்கிக்கொண்டிருக்கும். "வெள்ளி காந்தத்தில் ஒட்டாதே" என்று என் கணவர் வாதாடினார். ஒட்டாவிட்டாலும் உலோகம் சூடாகித் தோலைச் சுடலாம், படத்தையும் கெடுக்கலாம். வாசலில் நின்று கத்தரிக்கோலால் வெட்டியபோது மகள் கதறினாள், சாமி தன்னை விட்டுப் போய்விட்டார் என்று. இப்போது முந்தின இரவே அவள் கையாலேயே கழற்றி முருகன் படத்தின் முன் வைக்கிறோம். "நான் வர்ற வரைக்கும் முருகா பார்த்துக்குவார்" என்று சொல்லித் தூங்கிவிடுகிறாள். பிள்ளையின் உடலுக்குள் ஏதேனும் கருவி பொருத்தியிருந்தால், தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சத்தத்துக்கும் பழக்க வேண்டும். டக்டக்கென்று உறுமி போலக் காதைப் பிளக்கும். காதை மூடக் கருவி தருவார்கள். சற்று வளர்ந்த பிள்ளைகள் மயக்க மருந்தில்லாமலும் படுத்துக்கொள்வார்கள், பழக்கினால். நாங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கீழே சிலை விளையாட்டு ஆடினோம். கைபேசியில் அந்தச் சத்தத்தைப் போட்டு, அசையாமல் இருக்கும் விளையாட்டு. ஐந்தாவது ஸ்கேனை மகள் விழித்தபடியே முடித்தாள்.

எக்ஸ்ரே கதிர் சி.டி. ஸ்கேனில்தான் உண்டு; எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் கிடையாது. சி.டி. என்றதும் பயந்து மறுக்காதீர்கள். ஏன் தேவை, வேறு வழி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அம்மா கர்ப்பமாக இருந்தால் சி.டி. அறைக்குள் போகக்கூடாது.

எனக்கு மிகவும் வலித்த தவறு வேண்டுதல். அதில் குற்றமில்லை, பிள்ளையின் காதில் விழும்படி வேண்டியதுதான் குற்றம். "ரிசல்ட் நல்லா வந்தா பால்குடம் எடுக்கிறேன் முருகா" என்று முணுமுணுத்தேன். இரவில் அவள் கேட்டாள்: "நல்லா வரலேன்னா முருகாவுக்கு என் மேல கோவமா?" உறவினர்கள் "யார் செஞ்ச பாவமோ" என்று அவள் முன்னால் பேசியதையும் அன்றே நிறுத்தச் சொன்னேன். பிள்ளையின் நோய்க்கும் சாமியின் கோபத்துக்கும் முடிச்சுப் போடும் உரிமை யாருக்கும் இல்லை.

இப்போது எங்கள் வேண்டுதல் வேறு: அவளுக்குத் தைரியம் கொடு, எங்களுக்கு நிதானம் கொடு. நன்றியை முடிவுக்காக நிறுத்தி வைப்பதும் இல்லை. படமெடுப்பவரிடம் "எப்படி இருக்கு?" என்று துருவுவதை விட்டுவிட்டோம்; படத்தைப் படித்து எழுத வேறு மருத்துவர் இருக்கிறார், அதற்கு நாளாகும். மகள் எழுந்ததும் சிணுங்குவாள், மயக்கம் தெளியும்போது அது வழக்கம். பிறகு ஒவ்வொருவரிடமும் போய் "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொல்வாள். போன முறை ஊசி போட்ட தாதிக்கு மயில் வரைந்து கொடுத்தாள். முடிவு வரும் முன்பே, அந்த வெள்ளிக்கிழமை, தண்ணீர்மலைப் படியேறி வந்தோம்.