சுற்றுலாப் பஸ்ஸில் ஒரு நாள்: கடைசிக் கோடியிலிருந்து பார்த்து வாருங்கள்

வழிகாட்டியோடு போகும் ஒருநாள் சுற்றுலாப் பஸ்ஸில் அம்மாவை முதன்முறை அழைத்துச் சென்றபோது ஒரு தவறு செய்தேன். ஓரிடத்தில் 40 நிமிடம் கொடுத்தார்கள். வாசலிலேயே படம் எடுத்து 25 நிமிடத்தைக் கழித்துவிட்டேன். உள்ளே இருந்த பெரிய மண்டபத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியே தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் எனக்கு ஒரே முறைதான். இறங்கியதும் எங்கும் நிற்காமல் கடைசிக் கோடிக்குப் போய்விடுவேன். அங்கிருந்து வாசலை நோக்கிப் பார்த்துக்கொண்டே திரும்புவேன். போகும்போதே எத்தனை நிமிட நடை என்று தெரிந்துவிடும். திரும்பும்போது ஒவ்வோர் அடியும் பஸ்ஸை நெருங்குவதால், பிடித்த இடத்தில் பதற்றமில்லாமல் நிற்கலாம். வழிகாட்டியே உடன் வந்து விளக்குகிறார் என்றால் இது வேண்டாம். அவர் பின்னாலேயே போங்கள். அதிலும் அவருக்குப் பக்கத்தில் நடங்கள். கூட்டத்தின் வாலில் வருகிறவர்கள் வந்து சேரும்போது விளக்கம் பாதி முடிந்திருக்கும். ஓரிடத்திலிருந்து மறு இடத்துக்கு நடக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மைக்கில் சொல்லாத நல்ல கதைகளை நான் கேட்டதெல்லாம் அப்படித்தான்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் வெயிலைக் கணக்குப் பாருங்கள். காலையில் வடக்கே போய் மாலையில் தெற்கே திரும்பும் பயணத்தில் இரண்டு வேளையும் வெயில் வலப்பக்கம்தான் அடிக்கும். காலையில் கிழக்கு வலப்பக்கம் இருக்கும், திரும்பும்போது மேற்கு வலப்பக்கம் வந்துவிடும். அதனால் இடப்பக்கம் உட்காருங்கள். தெற்கே போய்த் திரும்பினால் வலப்பக்கம் உட்காருங்கள். சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கையில் குலுக்கல் அதிகம். பல பஸ்களில் அங்கே தரையும் மேடாக இருப்பதால் கால் நீட்ட முடியாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதே சுகம்.

தலைசுற்றல், வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து தொலைவில் சாலையைப் பார்க்க வேண்டும். போனைப் பார்த்தால் கண் ‘அசையவில்லை’ என்கிறது, உள்காது ‘அசைகிறோம்’ என்கிறது. அந்த முரண்தான் குமட்டலாகிறது. மாத்திரை போடுவதானால் மருத்துவரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அவ்வளவாகப் பலன் இருக்காது.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு, இடது காலில் கூடுதல். பஸ் படிகள் உயரமானவை. ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது வலி மிகுந்த காலை. கைப்பிடியை ஒரு கையால் பிடிப்பார். மறு கையில் பை இருக்கக் கூடாது, அதை நான் வாங்கிக்கொள்வேன். எல்லோரும் இறங்கிய பிறகே நாங்கள் எழுந்திருப்போம். அவசரம் இல்லாதபோது அவர் கால் தடுமாறுவதே இல்லை.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். அம்மா ஒரு நாள் அப்படி இருந்து மாலையில் தலைவலியோடு சுருண்டு படுத்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்; கழிப்பறை உள்ள ஒவ்வொரு நிறுத்தத்திலும், தேவை தோன்றாவிட்டாலும், போய் வந்துவிடுங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் எடுக்கும் முதல் படம் அதன் நம்பர் பலகை. நிறுத்துமிடத்தில் ஒரே நிறத்தில் ஆறேழு பஸ்கள் நிற்கும். வழிகாட்டியின் போன் எண்ணையும் காலையிலேயே வாங்கி வையுங்கள். திரும்ப வேண்டிய நேரத்தை, ‘அரை மணி நேரம்’ என்று கேட்டுக்கொள்ளாமல், ‘11.20’ என்று கடிகாரக் கணக்கில் கேளுங்கள். நாம் 10 நிமிடம் தாமதித்தால் பஸ்ஸில் 40 பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் இழக்கிறார்கள், அடுத்த இடத்தில் அது எல்லோருக்கும் குறையும். இதில் மட்டும் நான் கண்டிப்பானவன்.

ஓடும் பஸ்ஸிலிருந்து படம் எடுப்பதானால் போனின் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், உள்ளே இருக்கும் விளக்கும் முகமும் பிரதிபலிக்காது. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அருகில் உள்ள மரங்கள் கலங்கித்தான் விழும், தொலைவில் உள்ள மலை தெளிவாக வரும்.

திரும்பும் வழியில் பஸ்ஸே தூங்கும். அப்போது நானும் அம்மாவும் அன்று கேட்டதைப் பேசிக்கொள்வோம். ஒரு சிறு நோட்டில் நான் குறித்துக்கொள்வேன். மறுநாளைக்கு விட்டால் எந்தக் கதை எந்த இடத்துக்கு உரியது என்பது குழம்பிவிடுகிறது. இறங்குவதற்கு முன் இருக்கைக்கு முன்னால் இருக்கும் வலைப்பையில் கைவிட்டுப் பாருங்கள். அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு இரண்டு முறை அங்கேதான் இருந்தது.