சாரத்துக்கான தற்காலிகப் படிக்கட்டு: படி உயரம் பிசகாமல் அமைக்கும் முறை

கட்டட வேலையில் சாரத்தின் மேல் ஏறி இறங்க ஏணியை விடப் பலகைப் படிக்கட்டே ஏற்றது. ஆனால் அதன் படிகள் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால், ஏணியை விட அதுவே ஆபத்தாகிவிடும். தலையில் பாண்டுச் சட்டியுடன் ஏறும் சித்தாள் தன் காலடியைப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளில் கால் பழகிய உயரத்துக்கே அடுத்த படியிலும் கால் எழும்பும். எல்லாப் படிகளும் சற்று உயரமாக இருந்தால் களைப்பு வரும், அவ்வளவுதான். ஒரே ஒரு படி மட்டும் மாறியிருந்தால்தான் ஆள் விழுவார்.

ஆகவே பலகையை வெட்டுவதற்கு முன் மொத்த உயரத்தைச் சரியாக எடுக்க வேண்டும். மேலே சாரப் பலகையின் மேற்பரப்பிலிருந்து, கீழே ஏறுபவர் முதலில் நிற்கப்போகும் இடத்தின் மேற்பரப்பு வரை உள்ள செங்குத்து உயரமே நமக்கு வேண்டியது. சாரத்துக்கு நேர் கீழே டேப்பைத் தொங்கவிட்டு எடுக்கும் அளவு பெரும்பாலும் தவறாகவே இருக்கும்; ஏனெனில் படிக்கட்டு தொடங்கும் இடம் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருக்கும், வேலைத்தளத்தில் மண் எங்கும் சமமாக இருப்பதில்லை. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) வைத்து இரண்டு இடத்துக்கும் மட்டம் பார்த்துவிட்டு அளவெடுங்கள். தொடங்கும் இடத்து மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கி, அகலமான அடிப்பலகை ஒன்றைப் பதித்த பிறகு, அந்தப் பலகையின் மேலிருந்தே அளக்க வேண்டும். அடிப்பலகை இரண்டரை அடியாவது முன்னால் நீண்டிருந்தால், ஏறுபவர் மண்ணிலிருந்து அல்லாமல் பலகையிலிருந்தே முதல் படியில் கால் வைப்பார். மழைக்கு மண் கரைந்தாலும் முதல் படியின் உயரம் மாறாது.

ஓர் எடுத்துக்காட்டு: மொத்த உயரம் 2870 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஏழு அங்குலம், அதாவது சுமார் 180 மி.மீ., சுமையுடன் ஏறுவதற்கு ஏற்ற உயரம். 2870-ஐ 180-ஆல் வகுத்தால் 15.94 வருகிறது, அதை 16 என்று முழு எண்ணாக்கி, 2870-ஐ 16-ஆல் மறுபடி வகுத்தால் 179.4 மி.மீ. கிடைக்கும். இதுவே ஒவ்வொரு படியின் உயரம். பலர் இங்கே 'ஏழு அங்குலம்' என்று போட்டுக்கொண்டே போய், மிச்சத்தைக் கடைசிப் படியில் தள்ளிவிடுகிறார்கள். அதைத்தான் செய்யவே கூடாது. உயரங்கள் பதினாறு என்றாலும் கால் வைக்கும் மிதிப்பலகைகள் பதினைந்தே வேண்டும், ஏனெனில் பதினாறாவது காலடி சாரப் பலகையில் விழும்.

மிதி அகலத்துக்கு, அதாவது கால் வைக்க முன்பின்னாக உள்ள இடத்துக்கு, இருமடங்கு படி உயரத்துடன் மிதி அகலத்தைக் கூட்டினால் 600 முதல் 640 மி.மீ.க்குள் வர வேண்டும் என்ற பழைய கணக்கே போதும். 250 மி.மீ. வைத்தால் கூட்டு 609 வருகிறது. சாய்வு ஏறத்தாழ 36 பாகை, கிடைமட்ட நீளம் 15 × 250, அதாவது 3.75 மீட்டர். வேலைத்தளத்தில் செய்யும் படிக்கட்டின் சாய்வு 30 முதல் 50 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டுமானப் பாதுகாப்பு விதி. அந்த நீளத்துக்கு இடம் இல்லையென்றால் படியை உயர்த்தாதீர்கள். நடுவில் ஒரு மேடை வைத்துப் படிக்கட்டைத் திருப்புங்கள்.

படிக்கட்டின் இருபுறமும் மிதிப்பலகைகளைத் தாங்கும் இரண்டு சாய்வுச் சட்டங்களையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கிடத்தி, ஒரே நேரத்தில் குறியிட வேண்டும். 179.4-க்கும் 250-க்கும் கர்ணம் 307.7 மி.மீ. டேப்பின் முனையைச் சட்டத்தின் அடியில் மாட்டி, அதை நகர்த்தாமலே 308, 615, 923, 1231 என்று தொடர்ந்து குறித்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு படிக்கும் டேப்பை எடுத்து வைத்து அளந்தால், படிக்கு 3 மி.மீ. பிசகினாலும் பதினைந்தாவது குறியில் அது 45 மி.மீ. ஆகிவிடும். பிறகு மூலைமட்டத்தின் (செங்கோணம் பார்க்கும் L வடிவக் கருவி) ஒரு கையில் 179, மறு கையில் 250 வரும்படி சட்டத்தின் விளிம்பில் பொருத்தி, மிதிக்கான கோட்டை இழுத்து, அந்தக் கோட்டுக்குத் தாங்குகட்டையின் (மிதிப்பலகையைத் தாங்கச் சட்டத்தில் அடிக்கும் சிறு கட்டை) மேல் விளிம்பு வருமாறு ஆணியடியுங்கள். சட்டத்தையே பல் பல்லாக வெட்டிப் படி செய்வது சட்டத்தைப் பலவீனப்படுத்தும். தற்காலிக வேலைக்குத் தாங்குகட்டையே போதும்.

அனுபவமுள்ள தச்சரும் சறுக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. கோடு போட்டது தாங்குகட்டைக்கு. கால் படுவதோ அதன் மேல் வரும் பலகையில். பலகை ஒன்றரை அங்குலக் கனம், அதாவது 38 மி.மீ. இருந்தால், முதல் படி 179-க்குப் பதிலாக 217 மி.மீ. ஆகிவிடும். நடுவில் உள்ள படிகளுக்கெல்லாம் ஒரே கனம் கூடுவதால் அங்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் சாரப் பலகை தன் இடத்திலேயே இருப்பதால், கடைசிப் படியிலிருந்து சாரத்துக்கு ஏற 141 மி.மீ.தான் மிஞ்சும். கணக்கு முழுவதும் சரியாக இருந்தும் கீழே இடறல், மேலே இடறல். இதற்குத் தீர்வு எளிது: சட்டத்தின் அடியை மட்டமாக வெட்டும்போது, செங்குத்தாக 38 மி.மீ. கூடுதலாக வெட்டிவிட வேண்டும். மொத்தப் படிக்கட்டும் அந்த அளவு கீழே இறங்குவதால் பதினாறு உயரங்களும் 179.4-க்கு வந்துவிடும். மிதிப்பலகைகள் எல்லாம் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். சென்ட்ரிங் வேலையில் மிஞ்சிய பலகைகளைக் கலந்து போட்டால் செய்த கணக்கு வீண்.

பதினோரு அங்குல அகலப் பலகை கிடைத்தால், மேற்படியின் விளிம்பு கீழ்ப்படியின் மேல் சுமார் ஓர் அங்குலம் நீண்டு நிற்கும். இறங்கும்போது இடைவெளி கண்ணில் படாது. சட்டத்தின் தலையைச் சாரத்தின் கிடைக்குழாயோடு நழுவாமல் கட்டி, நடுவிலும் ஒரு குழாய்த் தாங்கல் கொடுக்க வேண்டும், ஏனெனில் ஐந்து மீட்டர் சட்டம் நடுவில் துள்ளினால் கால் வைக்கும் கணக்கு தப்பும். சவுக்குக் கம்பும் கயிறும் கொண்டு கட்டிய சாரமாக இருந்தால், முடிச்சு நெகிழ்ந்து தலைப்பக்கம் இறங்காதபடி கட்டுக்குக் கீழே ஒரு கட்டை அடித்து வையுங்கள். இருபுறமும் கைப்பிடி வேண்டும். ஒரேயடியாக 12 அடிக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் இடையில் மேடையும் வேண்டும்.

எல்லாம் பொருத்திய பின் படி உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு மிதியிலும் நிறுத்தி, ரசமட்டத்தால் அடுத்த படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிக்குப் படி இரண்டு நூலுக்கு மேல், அதாவது கால் அங்குலத்துக்கு மேல், வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒருவரைச் சுமையுடன் ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, முதல் படியையும் கடைசிப் படியையும் மறுபடி அளப்பது அவசியம். புதிதாகக் கட்டியது எதுவும் முதல் சுமையில் கொஞ்சம் இறங்கும். மிதியில் சிந்தும் சாந்தை அன்றன்றே சுரண்டாவிட்டால், அது இறுகி ஒரு படியை மட்டும் உயர்த்திவிடும். வேலை வளர்ந்து சாரத்தை ஓரடி ஏற்றும்போது, இருக்கும் படிக்கட்டின் தலையில் செங்கல்லோ கட்டையோ வைத்து ஈடுகட்டாமல், புதிய மொத்த உயரத்தை அளந்து, வகுத்து, தாங்குகட்டைகளைக் கழற்றி மறுபடி அடிக்க வேண்டும். கூடுதல் படிக்குச் சட்டத்தின் நீளம் போதவில்லையென்றால் நீளமான சட்டம் வாங்க வேண்டும்.